ஜப்பானியப் பேரரசும் அந்நாட்டுத் தொழில் வளர்ச்சியும்

தொழிலால் வாழும் மரபினர்க்குப் பிறநாட்டார் தொழிலில் உயர்ந்த வரலாறு பொழுதுபோக்குக் கதையன்று. தம் வீட்டுக் கணக்கோடு ஒட்டிய செய்தியேயாம். தறியையே நெடுங்காலம் வாழ்வெனக் கொண்ட நம்மனோர், நூலும் சாயமும் எங்கிருந்து வருகின்றன, அவற்றின் விலை யாவரால் ஏறுகின்றது, யாவரால் இறங்குகின்றது என்பவற்றை ஆராய்ந்தறிதல் கடன். இக்கருத்துப் பற்றியே ஜப்பானியப் பேரரசு தன் நாட்டின் பொருள்வளத்தைப் பெருக்கிய வகையினை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

ஆர்.கே.பேட்டையில் தறியடியில் இருப்பார்க்கும் கீழ்கடலின் கோடியிலுள்ள தீவுகட்கும் என்ன தொடர்பு என்று அன்பர் சிலர் வினவலாம். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை மாகாணக் கைத்தறியாளரைத் திகைக்கச் செய்தவற்றுள் ஜப்பானியத் துணியின் மலிவும் ஒன்று. இன்றோ நம் இளைஞர் பலர் தறியை விடுத்துத் திருப்பெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளை நாடுகின்றனர். அவ்வாலைகளுட் பல ஜப்பானியர் முதலிட்டவை. அவ்வூரார் நம் ஊராரைப் போலவே தறியும் பட்டுப்புழுவும் கொண்டு வாழ்ந்தவரே. அவர் ஆலை வைக்கவும், நம்மவர் அவ்வாலையிற் கூலி பெறவும் நேர்ந்த வேற்றுமை எங்கே தொடங்கியது என்பதே நம் வினா.

இவ்வினாவிற்கு நம்மிடையே இருவகை விடை வழங்குகின்றன. பேரரசன் ஆணையிட்டான், நாடு செழித்தது என்பர் ஒருசாரார். ஜப்பானியர் இயல்பிலேயே உழைப்பாளர், அரசு செய்தது யாதுமில்லை என்பர் மற்றொரு சாரார். இரண்டும் பாதியே உண்மை. அங்கே அரசு பாவு ஓட்டிற்று. ஊடை இட்டவர் மக்கள். இஃதன்றி, அத்துணிக்கு விலை கொடுத்தவர் யாவர், நெய்த துணி பின்னர் என்னாயிற்று என்னும் மூன்றாம் வினாவும் ஒன்றுண்டு. அதனைக் கேளாதார் ஜப்பானை வியப்பரேயன்றி அதனாற் பயன்கொள்ளார்.

கதவு திறந்த வரலாறு

தொக்குகாவா என்னும் குடியினர் இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஜப்பானை ஆண்டனர். பேரரசர் கியோத்தோ நகரில் பெயரளவில் வீற்றிருந்தனர். நாகசாகித் துறையில் ஒல்லாந்தரும் சீனரும் செய்த சிறு வாணிகம் ஒழிய, மேல்நாட்டார்க்கு நாடு பெரும்பாலும் அடைத்தே கிடந்தது. 1853-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படைத் தலைவர் பெர்ரி என்பார் நான்கு போர்க்கப்பல்களோடு வந்து கதவைத் தட்டினார். 1858-இல் பல வல்லரசுகளோடு உடன்படிக்கைகள் எழுதப்பட்டன. 1866-இல் இறக்குமதித் தீர்வை நூற்றுக்கு ஐந்து என்ற அளவிற் கட்டுப்படுத்தப்பட்டது. தன் துறைமுகத்தில் தான் விரும்பியவாறு தீர்வை இடும் உரிமையை ஜப்பான் முழுமையாக மீட்டது 1911-ஆம் ஆண்டிலேதான்.

இதனைச் சிறப்பாக நோக்குதல் வேண்டும். ஜப்பான் உயர்ந்த அந்த நாற்பது ஆண்டுகளில் தீர்வைச் சுவரால் தன் தொழிலைக் காக்கும் உரிமை அதற்கு இல்லை. கப்பலில் வந்திறங்கிய மெல்லிய ஆலைநூல் அவர்தம் இராட்டினத்தையும் நிறுத்திற்று. நம் நாட்டில் நேர்ந்தது அங்கும் நேர்ந்தது. எனினும் ஓர் உரிமை அவர்க்கு எஞ்சி நின்றது. வரிப்பணத்தை எதிற் செலவிடுவது என்று தாமே முடிவு செய்யும் உரிமை அது. பின்னர் விளைந்த வேற்றுமைக்கெல்லாம் அவ்வொன்றே வித்தாயிற்று.

1868-ஆம் ஆண்டில் தொக்குகாவா ஆட்சி வீழ்ந்து, முத்சுஹிதோ என்னும் இளம் பேரரசர் பெயரால் புதிய ஆட்சி தோன்றியது. மெய்ஜி என்பது அக்காலப் பகுதியின் பெயர். பேரரசர்க்கு அப்போது பதினைந்து ஆண்டே ஆயின. ஆட்சியை நடத்தியவர் தென்மேற்கு நாடுகளினின்று வந்த இளம் மறவர் சிலரே. அவ்வாண்டில் வெளியிடப்பட்ட ஐந்து உறுதிமொழிகளுள் இறுதியானது, அறிவை உலகெங்கும் தேடிக் கொணர்தல் வேண்டும் என்னும் கருத்தினது. 1871-இல் சிற்றரசுகள் அனைத்தும் ஒழிக்கப்பட்டு நாடு ஓராட்சியின்கீழ் வந்தது.

கற்றுவரச் சென்றோர்

அறிவைத் தேடுதல் என்பது அவர்க்கு வாய்ச்சொல்லாய் ஒழிந்திலது. 1871-ஆம் ஆண்டின் இறுதியில் இவாகுரா என்னும் பேரமைச்சர் தலைமையில் ஆட்சியாளர் பலரும் மாணாக்கர் பலரும் கப்பலேறினர். அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சுற்றி, இலங்கையின் காலித் துறை வழியாக 1873-இல் மீண்டனர். நாட்டை ஆளுவோரில் பாதிப்பேர் ஏறத்தாழ ஈராண்டு பள்ளிப் பிள்ளைகள் போற் குறிப்பேடும் கையுமாய் ஆலை ஆலையாகத் திரிந்தனர் எனின், அவர்தம் வேட்கையை என்னென்பது! அக்கப்பலிற் சென்ற மாணாக்கருள் சிறுமியர் ஐவர். அவருள் ஆறாண்டுக் குழந்தையாகிய த்சுதா உமெகோ பின்னாளில், 1900-இல், தோக்கியோவில் மகளிர்க்கெனக் கல்லூரி ஒன்றனை நிறுவினார்.

1872-இல் நாடு முழுதும் தொடக்கப்பள்ளி அமைக்கும் சட்டம் பிறந்தது. தொடக்கத்தில் மக்கள் அதனை விரும்பினாரல்லர். பிள்ளை பள்ளிக்குப் போயின் வயலில் யார் நிற்பார் என்று சினந்து, சில இடங்களிற் பள்ளிகளுக்குத் தீயும் வைத்தனர். 1873-இல் பள்ளி வயதுப் பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேரே பதிந்திருந்தனர். 1902-இல் அத்தொகை 90-க்கு மேற்பட்டது. இடையில் 1900-ஆம் ஆண்டில் தொடக்கப்பள்ளிச் சம்பளமும் நீக்கப்பட்டது. பள்ளியாசிரியராகிய யாம் இதனைச் சற்றே பெருமிதத்தோடு எழுதுகின்றோம் என்று அன்பர் நகைக்கலாம். நகைப்பினும் உண்மை உண்மையே. அளவும் கணக்கும் எழுத்தும் அறிந்த கைகள் இல்லையேல் எந்திரம் வெறும் இரும்பேயாம்.

நெசவாளர் மறவாது நினைத்தற்குரிய செய்தி ஒன்று இக்காலத்தே நிகழ்ந்தது. கியோத்தோ நகரில் நிஷிஜின் என்பது பட்டு நெசவாளர் சேரி. நம் காஞ்சியைப் போன்றது. பேரரசர் தோக்கியோவிற்குக் குடிபெயரவே, அரண்மனைத் துணிக்கு வேண்டுவோர் குறைந்து தறிகள் ஓய்ந்தன. அந்நிலையில் 1872-ஆம் ஆண்டில் கியோத்தோ ஆட்சியாளர் நெசவுத் தொழிலாளர் மூவரைப் பிரான்சு நாட்டு லியோன் நகருக்கு அனுப்பினர். சகுரா த்சுனெஷிச்சி, இனோவே இஹெய், யோஷிதா சுஷிச்சி என்பன அவர்தம் பெயர்கள். அவர் அமைச்சரும் அல்லர். கல்லூரி கண்டாரும் அல்லர். சகுராவும் இனோவேயும் ஜக்கார்டு பெட்டியையும், கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும் தறியையும் கொண்டு 1873-இன் இறுதியில் மீண்டனர். கற்றல் இன்னும் நிரம்பவில்லையென்று பின்தங்கிய யோஷிதா, 1874-இல் தாயகம் திரும்புங்கால், கரையை அணுகும் நிலையில் கப்பல் மூழ்கி உயிர் துறந்தார். 1877-இல் அராகி கொஹெய் என்பார் ஜக்கார்டு பெட்டியை உள்நாட்டு மரத்தாலேயே செய்துகாட்டினார். அட்டையிற் குத்திய துளைகளால் பூவேலை தோன்றும் அப்பெட்டியை நம் தறிகளின்மேலும் நாள்தோறும் காண்கின்றோம். அதனைக் கற்றுவரக் கடலில் மாண்ட ஒரு நெசவாளரை நினைப்பார் நம்முள் எத்துணைப் பேர்?

அரசு நடத்திய ஆலைகள்

கற்றுவந்ததனைச் செய்து காட்டுதற்கு அரசே முதலிட்டது. 1870-இல் தொழிற்பணி அமைச்சகம் தோன்றியது. இரயில், தந்தி, சுரங்கம், கப்பல் கட்டும் துறை ஆகியன அதன் பொறுப்பில் எழுந்தன. 1872-இல் தோக்கியோவின் ஷிம்பாஷியினின்று யோக்கோஹாமாவுக்கு முதல் இரயில் ஓடிற்று. அவ்வாண்டிலேயே தொமியோகா என்னும் ஊரில் அரசின் பட்டுநூல் ஆலை திறக்கப்பட்டது. பால் புருனா என்னும் பிரெஞ்சுக்காரர் அதனை அமைத்தார். முந்நூறு கொப்பரைகளில் ஒருங்கே கூட்டுப்புழுக் கூடுகளினின்று நூலெடுக்கும் அவ்வாலைக்கு இணையானது அக்காலத்து உலகில் அரிது.

ஆலை எழுந்தும் வேலைக்குப் பெண்கள் வந்திலர். அங்குள்ள அயல்நாட்டார் பருகிய செந்நிற மதுவைக் கண்டு, அவர் குருதி குடிப்பர் என்று ஊர்ப்புரளி எழுந்ததே காரணம். மேலாளராகிய ஒதாகா அத்சுதாதா பிறர்க்கு அறிவுரை கூறிக்கொண்டிராது, தம் மகளையே முதற்றொழிலாளியாக அனுப்பினார். பின்னர் மறவர் குடிப் பெண்கள் பலர் வந்தனர். அவருள் ஒருவராகிய வாதா எய், 1873-இற் சென்று கற்று, மறு ஆண்டில் தம் ஊருக்கு மீண்டு அங்கு எழுந்த ஆலையில் பிறர்க்குக் கற்பித்தார். தொமியோகாவின் பயன் அது ஈட்டிய காசன்று. அங்குக் கற்ற மகளிர் ஊர்தோறும் சென்று பரப்பிய கைத்திறமே. 1909-ஐ ஒட்டி ஜப்பான் சீனத்தை விஞ்சி, பட்டுநூல் ஏற்றுமதியில் உலகில் முதலிடம் பெற்றது. அவ்வாலை 2014-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது.

அரசு தொட்டதெல்லாம் துலங்கிற்று என்று எண்ணற்க. பருத்திநூல் ஆலைகளுக்கென இரண்டாயிரம் கதிர் கொண்ட எந்திரங்களை இங்கிலாந்தினின்று வருவித்து, பத்தாண்டுத் தவணையில் வட்டியின்றித் தனியார்க்கு வழங்கிற்று. அவை அளவிற் சிறியன. பல நீர்விசையை நம்பியவை. இலாபம் காணாது பெரும்பாலும் தளர்ந்தன. அக்குறையை ஆராய்ந்தவர் வாணிகராகிய ஷிபுசாவா எயிச்சி. பலர் பங்கைத் திரட்டி 1882-இல் ஒசாகா நூற்பாலையை நிறுவினார். 10,500 கதிர்களோடும் நீராவி விசையோடும் அஃது 1883-இல் ஓடத் தொடங்கியது. ஆலை எழுமுன்னரே யமனோபே தாகேயோ என்னும் இளைஞரை இலங்காஷயரில் தொழில் கற்கச் செய்திருந்தார். அரசின் தவறு தனியார்க்குப் பாடமாயிற்று என்க.

1880 முதல் அரசு தன் ஆலைகளை விற்கத் திட்டமிட்டது. நாகசாகிக் கப்பல்துறை மித்சுபிஷியிடமும், மீக்கே நிலக்கரிச் சுரங்கமும் தொமியோகாவும் மித்சுயியிடமும் சென்றன. குறைந்த விலைக்கு வேண்டியவர்க்கு விற்றனர் என்னும் பழி அன்றே எழுந்தது. பெருஞ்செல்வக் குடிகள் சில நாட்டின் தொழிலையெல்லாம் கைக்கொள்ள அதுவும் ஒரு வழியாயிற்று.

சென்னை மாகாணத்தில் நிகழ்ந்தது

நிற்க. இத்தகைய முயற்சி நம் மாகாணத்தில் எழவே இல்லையோ எனின், எழுந்தது. எழுந்தவாறே ஒடுக்கவும் பட்டது. சென்னைப் பொறியியற் கல்லூரிப் பேராசிரியராயிருந்த ஆல்பிரட் சாட்டர்டன் என்பார் 1898-இல் கலைப்பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். அது வேரூன்றியபின் 1903-இல் தனியாரிடம் ஒப்புவிக்கப்பட்டது. பின்னர்க் குரோமியத் தோல் பதனிடுதலை மேற்கொண்டார். 1906-இல் சேலத்தில் அரசின் நெசவுச்சாலை ஒன்று திறக்கப்பட்டது. கைத்தறியாளர்க்கு ஏற்ற தறி எது என்று தேர்வதும், அவரை ஓரிடத்திற் கூட்டி நெய்விப்பதும் அதன் நோக்கம். வீட்டில் மனைமக்களோடு நெய்து பழகியவர் ஆலை மணிக்கு உடன்பட எளிதில் இசைந்திலர். எனினும் தேர்வு நடந்துகொண்டிருந்தது.

சென்னையிலிருந்த ஐரோப்பிய வணிகர்க்கு இஃது உவப்பாகவில்லை. அரசு வாணிகத்திற் புகுதல் தகாது என்று முறையிட்டனர். இலண்டனில் இந்திய அமைச்சராயிருந்த மார்லி, தொழிற்கல்விக்கு அரசுப் பொருளைச் செலவிடலாம், தொழில் நடத்தச் செலவிடலாகாது என்று 1910-இல் ஆணை விடுத்தார். சேலம் நெசவுச்சாலை மூடப்பட்டது. தொமியோகாவுக்கு இருபதாண்டு கிடைத்தது; சேலத்திற்கு நான்காண்டே கிடைத்தது. தவறு செய்து திருந்துதற்கும் காலம் வேண்டுமன்றோ?

தீர்வையிலும் இவ்வேற்றுமையே. நூல் ஏற்றுமதிக்கிருந்த வரியை 1894-இலும், பஞ்சு இறக்குமதிக்கிருந்த வரியை 1896-இலும் ஜப்பானிய அரசு நீக்கிற்று. அதே 1896-இல் இந்திய அரசோ, இலங்காஷயர்த் துணிக்கிட்ட இறக்குமதித் தீர்வைக்கு ஈடாக, இந்திய ஆலைத் துணிக்கு நூற்றுக்கு மூன்றரை உள்நாட்டு வரியை விதித்தது. 1925-இன் இறுதிவரை அவ்வரி தண்டப்பட்டது. ஓர் அரசு தன் மக்கள் தொழிலுக்குத் தாழ்திறந்த ஆண்டில் மற்றோர் அரசு தாழிட்டது. மைசூர்த் திவானாய் விளங்கிய விசுவேசுவரையர் 1898-இலேயே ஜப்பானுக்குச் சென்று அதன் தொழிலும் கல்வியும் கண்டவர். நம் நாட்டிற்கும் திட்டமிட்ட தொழில் வளர்ச்சி வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் அவர் வற்புறுத்தியதற்கு இத்தகைய வேற்றுமைகளே காரணமாதல் வேண்டும்.

சிற்றூர்த் தறிகள் நிலைத்த வகை

பேராலைகள் வந்தபின் சிற்றூர் நெசவு அங்கே மாண்டொழிந்ததோ? இல்லை. இப்பகுதியே நமக்கு மிக வேண்டியது.

துறைமுகங்கள் திறந்த புதிதில் வணிகர் சிலர் நூலில் ஈரம் ஏற்றியும் தரம் குறைந்ததனைக் கலந்தும் விற்றமையால் ஜப்பானியச் சரக்கு கெட்ட பெயர் எடுத்தது. இதனைத் திருத்த 1884-இல் தொழிற்கூட்டங்களுக்கு அரசு விதிமுறை வகுத்தது. 1900-இல் அதனைச் சட்டமாக வலுப்படுத்திற்று. ஓர் ஊரில் ஒரு சரக்கு செய்வார் அனைவரும் ஒரு கூட்டத்திற் சேர்தல், சரக்கை ஆய்ந்து முத்திரையிடுதல், குற்றமுள்ளதனை வெளியே விடாமை ஆகியன அக்கூட்டங்களின் வேலை. 1896-இல் யோக்கோஹாமாவில் ஏற்றுமதிப் பட்டினை ஆயும் அரசு நிலையமும் அமைந்தது. ஒருவன் செய்யும் கள்ளம் ஊர்முழுதிற்கும் பழியாம் என்பதனை அவர் பட்டறிந்து கொண்டனர்.

ஃபுக்குயி என்னும் பகுதியார் 1887-இல் கிரியூ நகரினின்று நெசவு வல்லார் ஒருவரை வருவித்து, ஏற்றுமதிக்குரிய மெல்லிய வெண்பட்டு நெய்யக் கற்றனர். சில ஆண்டுகளில் கற்பித்த ஊரையே அவ்வகையில் விஞ்சினர். மின்சாரம் 1910-க்குப்பின் சிற்றூர்களை எட்டியபோது, நாலைந்து விசைத்தறி வைத்த கொட்டில்கள் ஊர்தோறும் எழுந்தன. நம் பள்ளிப்பட்டு வட்டாரத்துக் கொட்டில்களைக் கண்டவர்க்கு அக்காட்சியை விளக்க வேண்டுவதில்லை.

அத்தறிகளைச் செய்தளித்தாருள் தலையாயவர் தொயோதா சகிச்சி. 1867-இல் தச்சர் குடியிற் பிறந்தவர். தாய் தறியில் படும் இடுக்கணைக் கண்டு வளர்ந்தவர் என்பர். 1885-இல் அரசு புத்தாக்கம் செய்தார்க்கு உரிமைப்பட்டயம் வழங்கும் விதியை ஏற்படுத்தியது. அதன்வழி 1891-இல் தம் முதல் மரத்தறிக்கு உரிமை பெற்றார். 1896-இல் விசைத்தறி செய்தார். ஊடை அறுந்தால் தறி தானே நிற்கும். 1924-இல் தறி ஓடும்போதே தார் தீர்ந்த நாடாவை மாற்றும் தானியங்கித் தறி நிறைவுற்றது. 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் நிறுவனத்தார் அதன் உரிமையை விலைக்கு வாங்கினர். தறியை விற்றுவந்த நாடு தறியின் அறிவை விலைக்கு வாங்க நேர்ந்தது! அவர் மகனார் தொடங்கிய மோட்டார்த் தொழிலே 1937-இல் தொயோட்டா நிறுவனமாயிற்று. இன்று நம் சாலைகளில் ஓடும் அவ்வண்டிகளின் மூலம் ஒரு நெசவுத்தறி என்பதனை நம் பிள்ளைகட்குச் சொல்லுக.

பொருள் கொடுத்தவர் யாவர்?

இனி மூன்றாம் வினாவிற்கு வருவோம். ஆலைக்கும் இரயிலுக்கும் பள்ளிக்கும் பணம் எங்கிருந்து வந்தது? 1873-இல் நிலவரி திருத்தப்பட்டு, நிலமதிப்பில் நூற்றுக்கு மூன்று என, ரொக்கமாகத் தண்டப்பட்டது. விளைவு பொய்த்த ஆண்டிலும் வரி குறையாது. 1876-இல் உழவர் கிளர்ந்தெழவே, மறு ஆண்டில் இரண்டரையாகக் குறைக்கப்பட்டது. அக்காலத்து அரசு வருவாயின் பெரும்பகுதி அவ்வுழவர் கொடுத்ததேயாம்.

1881-இல் பொருளமைச்சரான மத்சுகாதா மசயோஷி நாணயத்தை நிலைப்படுத்தினார். 1882-இல் ஜப்பான் வங்கி தோன்றியது. நாட்டின் கணக்கு நேராயிற்று. ஆனால் நெல்லும் பட்டும் விலை வீழ்ந்து சிறுகுடிகள் நிலமிழந்தனர். 1884-இல் சிச்சிபு என்னும் மலைநாட்டுப் பட்டுத்தொழிலாளர் ஆயிரக்கணக்கில் திரண்டு, கடனுக்குத் தவணையும் வரிக்குறைவும் வேண்டி எழுந்தனர். அரசு காவலரையும் படையையும் ஏவி அடக்கிற்று. தலைவர் சிலர் தூக்கிலிடப்பட்டனர். பட்டினால் நாடு உயர்ந்தது; பட்டு வளர்த்தவன் கடனில் மூழ்கினான்.

நூலாலைப் பெண்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. தந்தை முன்பணம் பெற்றுக்கொண்டு ஒப்பமிட, மகள் ஆலை விடுதியில் அடைபடுவாள். பன்னிரண்டு மணி வேலை. பகற்கூட்டம் எழுந்த படுக்கையில் இராக்கூட்டம் உறங்கும். பஞ்சுத்தூசியில் காசநோய் பற்றி ஊர் மீண்டு மாண்டார் பலர். ஆலைத் தொழிலாளியாகிய ஹொசோயி வாகிசோ 1925-இல் வெளியிட்ட நூல் இத்துயரங்களை எடுத்தியம்பிற்று. தொழிற்சாலைச் சட்டம் 1911-இல் இயற்றப்பட்டும் 1916-இலேயே நடப்புக்கு வந்தது. மகளிர் இரவுவேலைத் தடை 1929-இலேதான் செயற்பட்டது. ஒசாகாவின் மலிவான நூலுக்கு மறைபொருள் எந்திரம் மட்டுமன்று. அப்பெண்களின் உறக்கமும் உயிருமே.

போரும் அழிவும்

1893-இல் ஜப்பானிய கப்பல் நிறுவனமும் ஜம்சேட்ஜி டாட்டாவும் இசைந்து, பம்பாய்க்கும் கோபேக்கும் இடையே கப்பல் விட்டனர். நம் பஞ்சு அங்குச் சென்று நூலாயிற்று. சீனத்தில் பம்பாய் நூலின் இடத்தை அந்நூல் பற்றிற்று. 1897-இல் ஜப்பானின் நூலேற்றுமதி இறக்குமதியை விஞ்சியது. 1933-இல் பருத்தித் துணி ஏற்றுமதியில் இங்கிலாந்தையே விஞ்சியது. அவ்வாண்டில் இந்திய அரசு பிரிட்டிஷ் அல்லாத துணிக்கு நூற்றுக்கு 75 தீர்வை விதித்தது. ஜப்பானிய ஆலையார் இந்தியப் பஞ்சு வாங்க மறுத்தனர். சிம்லாவிற் பேச்சு நிகழ்ந்து, 1934-இல் இவ்வளவு பஞ்சு வாங்கினால் இவ்வளவு துணி விற்கலாம் என்று உடன்பாடு எய்தினர். பஞ்சு விளைத்தாரையும் ஆலை முதலாளிகளையும் முன்வைத்தே அப்பேச்சு நடந்தது; கைத்தறியாளர் தமக்கென வலிய குரல் இல்லாதிருந்தனர். 1935-இல் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், இன்று கோ-ஆப்டெக்ஸ் என வழங்குவது, தோன்றியதன் அருமை இதனாற் புலப்படும்.

செல்வம் பெருகிய அப்பேரரசு அதனை எதற்கு ஆக்கிற்று? 1895-இல் தைவானையும் 1910-இல் கொரியாவையும் கொண்டது. சீனத்தினின்று பெற்ற போர்த்தண்டம் பொன் நாணயத்திற்கும் யவாதா இரும்பாலைக்கும் துணையாயிற்று. போர் இலாபம் தரும் தொழில் என்னும் மயக்கமும் உடன் புகுந்தது. 1937-இல் சீனத்தோடு பெரும்போர். 1941-இல் அமெரிக்காவோடும் பிரிட்டனோடும் போர். நூலாலைக் கதிர்கள் இரும்புக்காக உடைக்கப்பட்டன. 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. சென்னை நகர மக்கள் உள்ளூர்களுக்கு ஓடிவந்தனர். மலேயாத் தோட்டங்களிலிருந்த தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு, காலராவாலும் பசியாலும் அடியாலும் மாண்டனர். அவர்க்குப் பெயரெழுதிய கல்லறையும் பெரும்பாலும் இல்லை. பேரரசின் தொழில் மேன்மையைப் புகழும் தமிழர் எவரும் இதனை மறத்தல் ஆகாது.

1945-இல் நகரங்கள் சாம்பலாயின. 1947-இல் நடப்புக்கு வந்த புதிய அரசியற் சட்டம் பேரரசரை நாட்டின் அடையாளமாக மட்டும் வைத்தது. அதன்பின் நாடு விரைந்தெழுந்ததே, அது எங்ஙனம்? ஆலை எரிந்தது, கற்ற கை எரியவில்லை. படையும் குடியேற்ற நாடுகளும் போயின. பள்ளியும் தொழிற்கூட்டமும் நின்றன. பேரரசு விதைத்தவற்றுள் நிலைத்தது எது, அழிந்தது எது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

நாம் கொள்ளத்தக்கன

நம் வட்டாரம் 1911 முதல் சித்தூர் மாவட்டத்திலிருந்தது. 1960 ஏப்ரல் முதல் நாளில் தமிழ்நாட்டோடு இணைந்தது. ஆட்சிகள் மாறின, தறி நின்றது. ஆயினும் அரசு எல்லாம் செய்யும் என்று வாளா இருத்தலும், அரசால் ஒன்றும் ஆகாது என்று வெறுத்தலும் இரண்டும் பிழை. அரசினிடம் கேட்டுப் பெறத்தக்கன பல. நாமே செய்துகொள்ளத்தக்கன மூன்றை மட்டும் ஈண்டுக் குறிக்கின்றோம்.

ஒன்று, கற்றுவர அனுப்புதல். சேலத்தில் 1960 முதல் கைத்தறித் தொழில்நுட்பக் கல்வி நிலையம் நடைபெறுகின்றது. நம் சங்கம் ஆண்டுதோறும் இளைஞர் ஒருவர்க்கும் நங்கை ஒருத்திக்கும் பொருளுதவி செய்து அங்கு அனுப்பலாம். மீண்டு வந்து ஊரார்க்குக் கற்பித்தல் வேண்டும் என்பதே அவ்வுதவிக்குரிய ஒரே நிபந்தனையாகுக.

இரண்டு, ஊர்ப்பெயரைக் காத்தல். காஞ்சிப் பட்டும் ஆரணிப் பட்டும் புவிசார் குறியீடு பெற்றுள்ளன. குறியீடு கிடைப்பினும் கிடையாவிடினும், சாயம் போகாத நூல், குறையாத அளவு, இழை தப்பாத நெய்தி ஆகிய மூன்றையும் நம்முள் நாமே ஆய்ந்து முத்திரையிடுதல் கூடாததன்று.

மூன்று, பெண்டிர் உழைப்பைக் கணக்கில் எழுதுதல். ஒசாகா ஆலையைப் பழித்தோம். நம் இல்லத்தில் விடியுமுன் எழுந்து தார் சுற்றுபவர் யாவர்? பாவுக்கு இழை பிணைப்பவர் யாவர்? அவர் கூலி எந்தப் புத்தகத்தில் உள்ளது? சேலைக்கு இவ்வளவு கூலி என்று ஆண்மகன் பெயரில் எழுதும் வழக்கம் ஒழிந்து, அவர்தம் பங்கு அவர் பெயரில் எழுதப்படுதல் வேண்டும். இதனைக் கூறின் சிலர் முகம் சுளிப்பர் என்பது அறிவோம். பிறர் நாட்டுக் குற்றத்தைக் காணும் கண், தன் தறிக்குழியையும் சற்றே நோக்குதல் அறமன்றோ?

அன்பர்களே! ஜப்பானியப் பேரரசின் வாளை வியத்தல் வேண்டா. அந்நாட்டு நெசவாளர் மூவர் கடல் கடந்து கற்ற வேட்கையைக் கைக்கொள்வோம். அடுத்த ஆண்டுக் கூட்டத்திலேனும் இம்மூன்றனுள் ஒன்றையாவது தீர்மானமாக நிறைவேற்றி, ஏட்டில் நில்லாது தறிவரை கொண்டுசெல்லுமாறு சங்கத்தாரை வேண்டுகின்றோம். தணிகைப் பெருமான் திருவருள் துணைநிற்க.